வரைந்த கையும் மறைந்த பெயரும்

மரத்தைப் பார்ப்பவர் பலர், காண்பவர் சிலர். பார்த்தல் கண்ணின் தொழில். காணுதல் கண்ணும் அறிவும் கூடிச் செய்யும் தொழில். இவ்வுண்மைக்கு நாம் வெளியே சென்று உதாரணந் தேட வேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரும் தாய்மாரும் தலைமுறை தலைமுறையாகப் பால்மரக் காட்டில் உழைத்தவர். இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, உளியும் வாளியும் ஏந்தி, நிரை நிரையாக நடந்து, மரத்துக்கு ஊறு நேராவண்ணம் பட்டையை மயிரிழை அளவிற் சீவி, மங்கில் வழிந்த பாலால் இந்நாட்டைச் செல்வ நாடாக்கியவர். ஆயினும் அம்மரத்தின் பூ எந்நிறம், அதற்கு இதழ் எத்தனை என்று இன்று நம் இளைஞரை வினவினால், விடை கூற வல்லார் எத்துணைப் பேர்?

விடை வியப்புக்குரியது. பால்மரப் பூவுக்கு இதழே இல்லை. வெளிர்மஞ்சளாய், நறுமணத்துடன், சிறுமணி போலக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் அப்பூவுக்கு ஐந்தாகப் பிளந்த புல்லியே உண்டு. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே கொத்தில் வாழும். காய் மூன்று அறை கொண்டது. ஓர் அறைக்கு ஒரு விதை. காய்ந்து முற்றியதும் படீரென வெடித்து விதைகளைத் தூர எறியும். அவ்விதையின் புள்ளியும் பளபளப்பும் ஆமணக்கு விதையை நினைவூட்டும். அதில் வியப்பில்லை. பால்மரமும் ஆமணக்கும், ஜப்பானியர் ஆட்சியிருந்த 1942 முதல் 1945 வரை நம் மக்களின் வயிற்றைக் காத்த மரவள்ளியும் ஒரே குடும்பத்தின. ஆளுயரச் செடிக்கும் வானளாவும் மரத்துக்கும் உள்ள இவ்வுறவைப் பூவும் காயும் அறிவிக்கின்றன. பூவையும் காயையும் பிரித்து, அளந்து, பெருக்கி, தாளில் நிறுத்திக் காட்டும் கலையே செடியோவியக் கலை. அதன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு, அப்பங்கு மறக்கப்பட்டதுமுண்டு.

படியெடுத்த பொய்

செடியைப் படம் எழுதும் வழக்கம் மிகப் பழையது. மருத்துவத்தின் பொருட்டே அது பெரிதும் வளர்ந்தது. இன்ன நோய்க்கு இன்ன மூலிகை என்று ஏட்டில் எழுதினாற் போதாது. அம்மூலிகை எத்தகையது என்று காட்டவும் வேண்டும். கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் முதல் நூற்றாண்டில் இயற்றிய மருந்து நூலுக்கு, கி.பி. 512 அளவில் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் ஓர் அரச குலப் பெண்மணியின் பொருட்டு எழுதப்பட்ட படச்சுவடி இன்றும் வியன்னாவில் இருக்கின்றது. அதன் படங்கள் பல உயிருள்ளவை போல் விளங்குகின்றன.

ஆனால் பின்வந்தோர் செய்ததென்ன? செடியைத் தேடிச் செல்லவில்லை. முன்னோர் எழுதிய படத்தைப் பார்த்துப் படம் எழுதினர். அப்படத்தைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். இங்ஙனம் நூற்றாண்டுக் கணக்காய்ப் படியெடுத்ததில் இலை உருமாறிற்று. வேர் மனிதன் போலாயிற்று. பூ வெறும் கோலமாயிற்று. மூலிகையைத் தேடிச் செல்பவன் அப்படத்தைக் கையிற் கொண்டு காடெல்லாம் சுற்றினாலும் அதனைக் காண இயலாது. முன்னோர் சொன்னது என்பதற்காகவே ஒன்றைச் சோதியாமல் ஏற்பதால் விளையும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? முதலில் எழுதியவன் உண்மையைத்தான் எழுதினான். அவன் எழுதியதை வணங்கினார்களே யன்றி, அவன் செய்ததை எவரும் செய்யவில்லை. அவன் செய்தது செடியின்முன் உட்கார்ந்து பார்த்தது ஒன்றே.

இவ்விருள் 16ஆம் நூற்றாண்டில் விலகிற்று. 1530இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் வெளிவந்த புருன்பெல்ஸ் என்பாரது மூலிகை நூலுக்கு ஹான்ஸ் வைடிட்ஸ் என்ற ஓவியர் படம் வரைந்தார். அவர் கண்முன் இருந்த செடியையே வரைந்தார். இலை வாடியிருந்தால் வாடியதாகவும், பூச்சி அரித்திருந்தால் அரித்ததாகவும் வரைந்தார். 1542இல் லியோன்ஹார்ட் பூக்ஸ் என்னும் பேராசிரியர் 500க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களுடன் பெருநூலொன்று வெளியிட்டார். அந்நூலின் இறுதியில் ஓர் அரிய காட்சி உண்டு. செடியைப் பார்த்து வரைந்த மையர், அதனைப் பலகையில் எழுதிய பியூல்மௌரர், பலகையைச் செதுக்கிய ஸ்பெக்கிள் ஆகிய மூவரின் உருவமும் பெயரும் அச்சிடப்பட்டுள்ளன. நூலாசிரியர் தம் உருவத்தை வெளியிட்டது போலவே தொழிலாளர் உருவத்தையும் வெளியிட்டார். உழைத்தவனுக்கு உரிய மதிப்பை அளிப்பது எத்துணை எளிதென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. எளிதாயிருந்தும் பின்னாளில் ஏன் அது நிகழவில்லை என்பதே நம் வினா.

மலையாளக் கரையும் சுரினாமும்

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். கொச்சியில் ஆட்சி நடத்திய டச்சுக்காரர் வான் ரீட் அதனைத் தொகுத்தார். 742 செடிகள் அதில் விளக்கப்பட்டுள்ளன. படங்களைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டனர். செடிகளின் பெயர்களை மலையாள எழுத்திலும் பொறித்தனர். இந்நூலின் அறிவுக்கு ஊற்றாய் நின்றவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அவர் தம் குலத்து ஓலைச்சுவடிகளையும் அனுபவத்தையும் கொண்டு மொழிந்தவற்றுக்கு அவர் தம் கையால் எழுதித் தந்த சான்று முதல் தொகுதியில் அச்சேறியது. கோயில் வாயிலை நெருங்க விடாது தள்ளி வைக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவரின் கையெழுத்து, உலக அறிஞர் கற்கும் நூலில் இடம்பெற்றது. பின்னர் செடிகளுக்குப் பெயர் முறை வகுத்த லின்னேயஸும் அந்நூலைக் கற்றார். அறிவுக்குச் சாதியில்லை என்று மேடையில் முழங்குகின்றோம். இதோ, 300 ஆண்டுகட்கு முன்பே அதற்குச் சான்று அச்சில் நிற்கின்றது.

எனினும் எல்லார்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மானியப் பெண்மணி தென்னமெரிக்கச் சுரினாம் நாட்டில் பூச்சிகளையும் செடிகளையும் நேரிற் கண்டு வரைந்து 1705இல் நூலாக்கினார். அதில் மயிற்கொன்றையின் படமும் உண்டு. நம் தோட்டத்து வேலியோரங்களில் செந்தீயும் மஞ்சளுமாய்ப் பூக்கின்றதே, அதே மயிற்கொன்றைதான். அப்படத்தின் அருகே அவர் ஒரு செய்தி எழுதி வைத்தார். கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த பெண்கள், தம் வயிற்றிற் பிறப்பதும் அடிமையாகாதிருக்க, இச்செடியின் விதையை உண்டு கருவைக் கலைத்தனர் என்றும், அதனை அப்பெண்களே தம்மிடம் கூறினர் என்றும் எழுதினார். அழகிய பூவின் படத்தடியில் இத்துணைத் துயரம்! ஆனால் கூறிய பெண்களின் பெயர் அந்நூலில் இல்லை. தோட்டம் என்ற சொல்லின் கசப்பை அறிந்த நாம் இதனைப் படித்து வாளா இருத்தல் இயலாது.

நாகையிலும் கோவையிலும்

இனித் தமிழகத்துக்கு வருவோம். ஆங்கிலக் கம்பெனியார் இந்நாட்டுச் செடிகளை அறிய விரும்பியது வெறும் அறிவாசையால் மட்டுமன்று. சாயம், மரம், மருந்து, நார் ஆகிய ஒவ்வொன்றிலும் வாணிபம் கண்டனர். வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் மருத்துவர் வட சர்க்கார் சீமையில் இருந்தபோது உள்நாட்டு ஓவியரைக் கொண்டு வரைவித்த படங்களிலிருந்து 300 தேர்ந்து, 1795 முதல் 1820 வரை 'கோரமண்டல் கரையின் செடிகள்' என்று மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்டனர். அவர் வாழ்நாளில் எழுதுவித்த படங்கள் 2,500க்கும் மேற்பட்டவை. அவற்றை எழுதிய கைகளின் பெயரை உலகம் அறியாது. நூலுக்கு ராக்ஸ்பர்க் பெயர் உண்டு. பொருளுதவிய கம்பெனியின் பெயர் உண்டு. வரைந்தவன் பெயர் மட்டும் இல்லை.

1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இவ்வழக்கத்தைச் சிறிது மாற்றினார். 1826இல் சென்னை அரசின் இயற்கையாராய்ச்சியாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1828இல் அரசு அப்பதவியையே ஒழித்துவிட்டது. அவர் நாகப்பட்டினத்துக்குப் படைமருத்துவராய்ச் சென்றார். ஆனால் செடியாராய்ச்சியை விடவில்லை. பிற்காலத்தில் நம் முன்னோர் ஆயிரமாயிரவர் பினாங்குக்குக் கப்பலேறிய துறைமுகம் அந்நாகையே. அங்கு அவர்க்குத் துணையாயிருந்தவர் ரங்கையா என்னும் ஓவியர். தஞ்சைப் பகுதி ஓவிய மரபைச் சார்ந்தவர் அவர் என்பர் ஆராய்ச்சியாளர். வீட்டில் அவர் பேசிய மொழி தெலுங்காயினுமென், தமிழாயினுமென்? அவர் வரைந்தவை தமிழ் மண்ணின் செடிகள். சுமார் 20 ஆண்டு அவர் வைட்டுக்காக எழுதினார். அவருக்குப் பின் 1840களின் நடுவிலிருந்து அப்பணியைத் தொடர்ந்தவர் கோவிந்து. வைட் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பண்ணையை நடத்திய 1842 முதல் 1853 வரையான காலத்தில் மேற்கு மலைகளின் செடிகள் பல இவர்கள் தூரிகையில் உயிர்பெற்றன.

தெய்வ உருவங்களுக்குப் பொன்னும் மணியும் பதித்து எழுதும் மரபில் வந்த கை, ஒரு புல்லின் பூவைப் பத்து மடங்கு பெருக்கி வரையக் கற்றது என்பதை எண்ணிப் பார்மின். முன்னதில் கற்பனைக்கு இடமுண்டு. பின்னதில் ஒரு மகரந்தக் கேசரம் கூடினாலும் குறைந்தாலும் படம் பொய்யாகும். குலத்தொழில் பிறப்போடு வருவது, மாறாதது என்பார்க்கு இவ்விருவர் வாழ்வே மறுப்பாகும். பயிற்சியே அவர்களை ஆக்கிற்று.

அப்படங்களை வைட் சென்னையில் கல்லச்சில் அச்சிட்டார். கல்லச்சாவது யாது? மென்மையான சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் நெய்ப்பசையுள்ள மையால் படத்தை எழுதுவர். பின்னர்க் கல்லை நீரால் நனைத்தால், எழுதாத இடம் நீரை ஏற்கும். எழுதிய இடம் நீரைத் தள்ளும். அதன்மேல் அச்சுமையை உருட்டினால் மை எழுதிய கோட்டில் மட்டும் பற்றும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற, அடுப்படிப் பெண்களும் அறிந்த உண்மையே இத்தொழிலின் அடிப்படை. இங்ஙனம் 1838 முதல் 1853 வரை 'ஐகோனெஸ்' என்னும் தலைப்பில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த படங்கள் 2,101. ஒரு மனிதன் நடத்திய வேலைக்கு இது மலைக்கத்தக்க அளவன்றோ!

அப்படங்கள் பலவற்றின் அடியில் ரங்கையா, கோவிந்து என்னும் பெயர்கள் சிறு எழுத்தில் அச்சாகியுள்ளன. இஃது அன்றைக்கு அரிய செயல். வைட் அதனோடும் நில்லாமல், ஆறாம் தொகுதியில் 1853இல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் 'கோவிந்தூயா' என்று பேரினப் பெயர் சூட்டினார். உழைப்பாளியின் பெயர் செடியின் பெயராயிற்று! ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. அப்பேரினத்துக்கு லிண்ட்லி என்பவர் 1833இலேயே 'டிரோபிடியா' என்று பெயரிட்டிருந்தமை பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய பெயரே செல்லும் என்பது செடிநூலார் விதி. விதி நேர்மையானதே, அதனைக் குறை கூறோம். எனினும் நம்மவர் ஒருவர்க்குக் கிடைத்த சிறப்பு இன்று பழம்பெயர்ப் பட்டியலின் ஒரு வரியில் ஒடுங்கிக் கிடக்கின்றது. ரங்கையாவும் கோவிந்துவும் எழுதிய மூலப்படங்களை எடின்பரோ அரச தாவரத் தோட்டம் காத்து வருகின்றது. ஹென்றி நோல்ட்டி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, ஓவியர் இருவர் பெயரையும் தலைப்பிலேயே தாங்கிய நூலை 2007இல் வெளியிட்டார். 150 ஆண்டு கழித்தேனும் பெயர் திரும்பியது மகிழ்ச்சிக்குரியது. அதனைத் திருப்பித் தந்தவர் அயல்நாட்டார் என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

மலாய் நாட்டிலும் பேராக்கிலும்

இக்கலை மலாய் நாட்டுக்கும் புதிதன்று. மலாக்காவிலும் பின்னர்ச் சிங்கப்பூரிலும் அதிகாரியாயிருந்த வில்லியம் பார்க்குவார் சீன ஓவியரைக் கொண்டு வரைவித்த 477 செடி, விலங்குப் படங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள. அவற்றை எழுதிய சீனரின் பெயரும் தெரியாது. தமிழனுக்கு நேர்ந்ததே சீனனுக்கும் நேர்ந்தது. இனம் எதுவாயினும் கூலி பெற்றவன் பெயர் கணக்கேட்டோடு நின்றுவிடும் போலும்!

நம் பேராக் மாநிலத்தின் காடுகளை ஆராய்ந்தவருள் சிறந்தவர் பெனடெட்டோ ஸ்கார்ட்டிக்கினி என்னும் இத்தாலியப் பாதிரியார். 1884இல் இங்கு வந்து ஓயாது செடி திரட்டியவர், 1886இல் கல்கத்தாவில் உயிர் நீத்தார். ஹெர்மன் குன்ஸ்ட்லர் என்பாரும் பேராக்கிற் பெருந்தொகையான செடிகளைச் சேர்த்துக் கல்கத்தாத் தாவரத் தோட்டத் தலைவர் ஜார்ஜ் கிங்குக்கு அனுப்பினார். கிங் அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட பெருநூல்களுக்குக் கல்கத்தாவில் பயின்ற இந்திய ஓவியர் படம் எழுதினர். 1893இல் வெளிவந்த சீத்தாப்பழக் குடும்ப நூலில் பேராக் என்ற பெயர் மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆக, நம் ஊர்க் காட்டு மரத்தின் இலை, கப்பலேறிக் கல்கத்தா சென்று, ஒரு வங்காளியின் கையால் கல்லிற் பதிந்து, உலகெங்கும் பரவிற்று.

பால்மரத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. ஹீவியா என்னும் பேரினத்தை 1775இல் ஆப்ளே என்ற பிரெஞ்சுக்காரர் கயானாவிற் கண்டு படத்துடன் வெளியிட்டார். 1876இல் விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அக்கன்றுகளின் வழிவந்த காடுகளே நம்மை இங்கு அழைத்தன. படம் வந்து நூறாண்டு கழித்து மரம் வந்தது; மரத்தின் பின்னே நாம் வந்தோம். செடியோவியம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று எண்ணுவார் இதனைச் சிந்திப்பாராக.

ஜெலாப்பாங்கில் நின்று நோக்கின்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் என்னும் பெயர் மலாய் மொழியில் நெற்களஞ்சியத்தைக் குறிக்கும். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். மறுபுறம் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஆங்காங்கே செங்குத்தாய் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். இக்குன்றுகளும் ஒருவகைக் களஞ்சியமே. ஒவ்வொன்றும் சமவெளிக் கடலிடையே தீவு போல் தனித்து நிற்பதால், ஒன்றில் உள்ள செடி மற்றொன்றில் இல்லாதிருத்தல் கூடும். வாழ்நாள் முழுவதும் ஒரே இலையோடு வாழும் மோனோபில்லேயா என்னும் விந்தைச் செடி இத்தகைய குன்றுகளின் நிழலில் வளர்வது. தைப்பூசத்தில் கல்லுமலைக்குச் செல்லும் நம்மவர் பல்லாயிரவர். காவடியைக் காண்கின்றனர்; கூட்டத்தைக் காண்கின்றனர். தலைக்குமேற் பாறையிடுக்கில் பற்றி நிற்கும் செடியை அண்ணாந்து பார்ப்பார் யார்?

ஜெலாப்பாங்குக்கு வடக்கே செம்மோர்ப் பக்கம் கந்தான் குன்று இருக்கின்றது. அதன் ஒரு பகுதி சிமெந்துக்காக வெட்டப்பட்டது. அக்குன்றிலிருந்து இந்நூற்றாண்டில் சீத்தாப்பழக் குடும்பத்துச் சிறுமரம் ஒன்று உலகுக்குப் புதிதாக அறிவிக்கப்பட்டது. 'மெயோகைனி கந்தானென்சிஸ்' என்று குன்றின் பெயரையே அதற்கு இட்டனர். ஒருபுறம் வெடி வைக்கின்றோம். மறுபுறம் பெயர் வைக்கின்றோம். குன்று போயின், பெயரும் படமும் மட்டுமே எஞ்சும். படமும் எழுதாதிருப்பின் எஞ்சுவது யாது?

நிழற்படக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் இந்நாளில் கையால் வரைவானேன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிழற்படம் ஒரு கணத்தை மட்டும் பிடிக்கும். பூக்கும் பருவமும் காய்க்கும் பருவமும் வேறு. ஓவியன் இரண்டையும் ஒரே தாளில் நிறுத்துவான். இலைமறைவில் உள்ள காம்பை வெளிக்காட்டுவான். பூவை நெடுக்காகப் பிளந்து சூலறையைத் தனியே வரைவான். ஒரு செடியின் தற்செயலான குறையை விலக்கி இனத்தின் இயல்பை எழுதுவான். ஆதலாலேயே கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தார் 2010 முதல் வெளியிட்டுவரும் தீபகற்ப மலேசியத் தாவர நூல் வரிசையிலும் கைவரை படங்கள் இடம்பெறுகின்றன. இவற்றினும் மேலான காரணம் ஒன்றுண்டு. ஒரு மணிநேரம் வரைந்த செடியை ஒருவன் வாழ்நாளில் மறவான்.

நாம் செய்யத்தக்கது

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீட்டு வரிசைகளும் எழுந்தன. லயத்தின் பின்புறத்தில் நம் தாய்மார் வைத்து வளர்த்த முருங்கையும், அகத்தியும், கறிவேப்பிலையும், வேம்பும் லயத்தோடு போயின. எந்தக் கீரை எந்த நோய்க்கு என்று அறிந்த கிழவிமார் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். அவர்களுள் இட்டி அச்சுதனுக்கு இணையான அறிவுடையார் இருந்திருக்கலாம். அவர்தம் வாய்மொழியை எழுதிக்கொள்ள எவரும் அமரவில்லை. சங்கங்களுக்குக் கட்டடம் எழுப்புகின்றோம்; விழாவுக்கு மாலை வாங்குகின்றோம்; ஒரு கிழவியின் அருகில் தாளும் பென்சிலுமாய் அரைநாள் உட்கார நமக்குப் பொழுதில்லை!

ஆதலின் நம் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்க்கும், வாலிபர் சங்கத்தார்க்கும், பெற்றோர்க்கும் நாம் கூறுவது இதுவே. மாணவர் ஒவ்வொருவரும் வீட்டருகிலுள்ள ஒரு செடியைத் தேர்க. அச்சுப்புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைய வேண்டா; செடியின்முன் அமர்க. இலையை அளவுகோலால் அளக்க. பூவைப் பிளந்து உறுப்புகளை எண்ணுக. ஊர், நாள், தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர் எழுதுக. வரைந்த பிள்ளையின் பெயரைப் படத்தின் அடியில் தெளிவாகப் பொறிக்க. அச்செடியின் பெயரையும் பயனையும் சொல்லித் தந்தவர் பாட்டியாயின் அப்பாட்டியின் பெயரையும் அருகே எழுதுக. ஆண்டுக்கொருமுறை அப்படங்களைப் பள்ளிச் சுவரில் வைத்து ஊராரை அழைக்க. இதற்கு வேண்டுவது தாளும், பென்சிலும், பொறுமையுமே, பெருஞ் செலவில்லை.

பூக்ஸ் 1542இல் தம்மோடு உழைத்த மூவர்க்குச் செய்ததை நாம் இன்று நம் பிள்ளைகட்கும் பாட்டிமார்க்கும் செய்தல் கூடும். பார்த்ததை வரைவோம், வரைந்தவன் பெயரை எழுதுவோம், சொன்னவள் பெயரையும் எழுதுவோம்.